எறப்புல இருக்குது

நம் வயதுக்காரர்களுக்கு வானிலைச் செய்தி வேண்டியதில்லை, முழங்கால் சொல்லிவிடும். இந்த வருஷம் மே மாதக் கடைசியிலேயே என் இடது முழங்கால் அறிவித்துவிட்டது. உடனே, மராத்தி நாட்டில் இந்தப் போபோடியில் இருக்கும் என் வீட்டுக்குப் பன்னாலு மாட்ட ஆள் தேடினேன். நகரத்தின் மறுகோடி ஹடப்சரில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் என் மகன், "அம்மா, அந்த ஓட்டு வீட்ட பேச்கே இங்க வந்துடு, பஸ்" என்கிறான். விற்றுவிட்டு வா, அவ்வளவுதான் என்கிறானாம். அவன் தமிழ் அந்த லட்சணம். அங்கே மழை கண்ணாடியில் தெரியும், காதில் விழாது. எனக்கு அது சரிப்படாது.

பன்னாலு என்றால் விழிப்பீர்கள். ஓட்டு விளிம்பிலிருந்து கயிறு கயிறாக இறங்கும் தண்ணீரை ஏந்தி ஒரு மூலைக்குக் கொண்டுபோய்க் குழாய் வழியாகக் கீழே விடுகிற தகர வாய்க்கால். மராத்தியில் பன்ஹள். அம்மா வாயில் அது பன்னாலு ஆயிற்று, எங்களுக்கும் அதுவே பெயராயிற்று. எங்கள் வீட்டில் முக்கால்வாசிச் சாமான்களுக்கு இப்படித்தான் பெயர் வந்தது. தமிழ் வீட்டுக்குள் இருந்தது, ஆனால் பாதிக்குப் பாதி ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு உயிர் போனதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷம் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டதும் உண்டு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். முந்தின மழையில் தண்ணீர் சுவரோரமாக இறங்கி, அம்மாவின் டிரங்குப் பெட்டி இருந்த மூலை முழுக்க ஓதம் ஏறிவிட்டது. கல்யாணப் பட்டு கறுத்துப் போனது. அடுத்த மழைக்குள் பன்னாலு மாட்டியே தீருவது என்று அப்பா கிளம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்பெஸ்டாஸ் அரைக்குழாய் ஒன்று வந்தது. அடுத்த வாரம் எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்திய தகரம். அதற்கடுத்து ஜிங்க் தகடு, அரைவட்டமாக வளைத்தது ஒன்று, பெட்டி மாதிரி மடித்தது ஒன்று. எல்லாவற்றையும் முற்றத்தில் செங்கல் மேல் வைத்து, ஒரு தலையில் மக்கால் தண்ணீர் ஊற்றி, மறு தலையில் குந்திக்கொண்டு எண்ணுவார். எத்தனை எண்ணுவதற்குள் தண்ணீர் வருகிறது என்று ஒரு கணக்கு.

"ஒரு தகரத்த மாட்டுததுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா? என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்படிப் பாக்கலயே" என்றாள் அம்மா.

"பொண்ணு ஒழுகாதுல்லா" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் ஒரே சுவர். தண்ணீர்க் குழாய் நடுச்சுவர் மூலையில் இறங்கினால்தான் இரண்டு பக்கத்துக்கும் வாட்டம் சரியாக வரும் என்று அப்பா முடிவு பண்ணினார். அந்த மூலைக்குக் கீழேதான் எங்கள் மோரி, பாத்திரம் கழுவுகிற இடம். மூலைக்கு மேலே, சுவருக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டு மாளா. ஓட்டுக்கடியில் பலகை பரப்பி, வேண்டாத சாமானைப் போட்டுவைக்கும் இருட்டு அறைக்கு நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.

பக்கத்து வீட்டில் மூன்று பேர். பெரியம்மா என்று நாங்கள் கூப்பிட்ட விதவை அம்மாள், அவளுடைய மகன், மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்த சேலத்து அக்கா. மூவருமே சேலம் பக்கம், நாங்கள் திருநெல்வேலி. தமிழ் ஒன்றுதான், ஆனாலும் அவர்கள் பேச்சில் பத்துக்கு இரண்டு எங்களுக்குப் பிடிபடாது. அக்காவுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு போட்டிருப்பாள். என்னைக் "கண்ணு" என்பாள். எங்கள் வீட்டில் கொஞ்சினாலே "ஏட்டி" தான், அதனால் அந்தக் "கண்ணு"வுக்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் பின்பக்கமாகப் போய் நிற்பேன். தலை பின்னிவிடுவாள். சில நாள் கையில் ஊதாக் காயம் இருக்கும். கேட்டால், "மாளா ஏணியில இடிச்சுக்கிட்டேன் கண்ணு" என்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், மழை பிடிக்கும் முன், ஒரு நாள் அவள் எங்கள் பக்கம் வந்து, மோரி மேல் இருந்த தண்ணீர் டிரம்மில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். வலது கை முழுக்க ஓட்டுக்கு அடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கினாள்.

"குருவிக் கூடு இருக்குதான்னு பாத்தேன்" என்றாள். "நாளைக்கு இஸ்கோலுக்குப் போறப்ப எங்கிட்ட வந்துட்டுப் போ கண்ணு. ஒரு வேலை இருக்குது."

அந்த மூலைக்குக் குருவி வந்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை போனேன். பெரியம்மாதான் கதவைத் திறந்தாள். "அவ அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா. ராத்திரி ரயிலுக்கு" என்றாள். பின்வாசல் படியில் பச்சை வார்ச் செருப்பு கிடந்தது. அம்மாவிடம் சொன்னேன். "புதுசு வாங்கிப் போட்டுட்டுப் போயிருப்பா, உனக்கு என்னட்டி அதுல" என்றாள். அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். மாமியார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்த காலம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தகர வேலைக்காரர் வந்தார், ஒல்லியான மராத்தி மனிதர். கொக்கிகளைத் தாங்க அப்பா தொழிற்சாலைப் பெட்டிப் பலகை வாங்கி வைத்திருந்தார், நல்ல கெட்டித் தேக்கு. ஓட்டு விளிம்புக்குக் கீழே, சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த சந்தை மூடி, அந்தப் பலகையை நீளத்துக்கும் அடித்தார்கள். ஆணி எடுத்துக் கொடுப்பது என் வேலை. "தாயீ, கிளா தே" என்று மேலிருந்து கை நீளும். கிளா என்றால் ஆணி. ஒவ்வொன்றாக வைப்பேன். பெரிய மனுஷி வேலை கிடைத்த குஷியில் இருந்தேன்.

நடுச்சுவர் மூலையில் கடைசி ஆணி இறங்கும்போது, பலகைக்கு உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். தகரக்காரர் சுத்தியலை நிறுத்தினார். மறுபடி மூன்று தட்டு.

"கோண் ஆஹே?" என்றார், யாரது என்று.

பெரியம்மா அவர்கள் பக்கத்துப் படியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிராமல் சொன்னாள், "உந்தீர், பாவு. மாளா பூரா உந்தீர்தான்." உந்தீர் என்றால் எலி. தகரக்காரர் தலையை ஆட்டிவிட்டு ஆணியை முழுசாக இறக்கினார். அந்த ஆணியைக் கொடுத்தது நான்.

மழை பிடித்தது. பன்னாலு வேலை செய்தது. அப்பா குடையோடு முற்றத்தில் நின்று, குழாய் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதை அரை மணி நேரம் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அம்மா மத்தியானங்களில் மசாலா பாக்கெட் போடும் இடத்துக்கு வேலைக்குப் போவாள். அப்பாவுக்கு ஷிப்ட். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து மோரியில் குத்துக்காலிட்டுப் பாத்திரம் கழுவுவேன். குழாயின் வாய் என் காதுக்கு நேரே இருக்கும். ஒரு நாள் மழை சட்டென்று விட்டது. குழாய்க்குள் சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சொட்டுக்கு நடுவில், "கண்ணு" என்று கேட்டது.

கையிலிருந்த தம்ளர் விழுந்தது. சத்தமாகக் கூப்பிட்ட குரல் இல்லை, வாயைத் தகரத்தில் ஒட்டவைத்து ரகசியம் சொல்கிற குரல். அக்கா குரல்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அக்கா ஊரில் அல்லவா இருக்கிறாள். முற்றத்தைப் பார்த்தேன், யாரும் இல்லை. பின்வாசல் படியில் அந்தச் செருப்பு மட்டும், மழையில் நனைந்து, அங்கேயே இருந்தது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி, அம்மா வரும் வரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி. இந்தத் தடவை ஓடவில்லை.

"கண்ணு, பயப்படாத. எறப்புல இருக்குது. எடுத்துப் போட்டுரு."

அவ்வளவுதான். சற்று நேரம் மூச்சு விடுகிற சத்தம். பிறகு மேலே எங்கோ பலகை கிறீச்சிட்டது, குரல் நின்றுவிட்டது.

ஞாயிறுதோறும் கோயில் ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அந்த மாதம்தான் எதிர்ச்சொல் படித்திருந்தோம். இரவு பகல், இன்பம் துன்பம், பிறப்பு இறப்பு. நான்தான் வகுப்பில் முதல். எங்கள் வீட்டில் செத்துப்போனாக என்போம், காலமாயிட்டாக என்போம், இறப்பு என்று ஒருவரும் பேசமாட்டார்கள். அது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த சொல், அதனாலேயே அதன் மேல் ஒரு மோகம். சேலத்துப் பேச்சில் 'இ' எல்லாம் 'எ' ஆகிவிடும் என்று எனக்கு நானே ஒரு இலக்கணமும் வைத்திருந்தேன். சாயங்காலம் அம்மா வந்ததும் சுத்தமாகத் திருத்திச் சொன்னேன்.

"சேலத்து அக்கா குழாய்க்குள்ள பேசுதாங்க. இறப்பு இருக்குதுன்னு சொல்லுதாங்க."

அம்மா பையைக் கீழே வைத்தாள். "என்னத்தட்டி சொல்லுத? அவ ஊர்லல்லா இருக்கா."

"அவங்க குரல்தான். இறப்பு இருக்குதாம்."

அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், சுட்டது. விபூதி பூசினாள். அப்பா வந்ததும் சமையலறையில் இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். ஊரில் இருக்கிற பெண்ணின் குரல் இங்கே வந்து சாவு என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பதுதான் பேச்சு. அந்தப் பெண்ணுக்கு ஊரில் என்னமோ ஆகிவிட்டது, பாவம், பிள்ளை மேல் பிரியமாக இருந்தவள், சொல்லிக்கொள்ள வந்திருக்கிறாள் என்று முடிவுக்கு வந்தார்கள். தண்ணீரை எண்ணி எண்ணி வாட்டம் பார்த்த என் அப்பா, சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஏணியில் ஏறி ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை. மறுநாள் விடிந்ததும் அம்மா செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். நேரே போய்ப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் நான் காய்ச்சலோடு படுத்திருந்தேன். பெரியம்மா வந்தாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பெரியம்மா கையில் கடலை சிக்கி வைத்திருந்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்து அதை உடைத்துக் கொடுத்தாள்.

"என்ன சொன்னா கண்ணு? அப்படியே சொல்லு பாக்கலாம்."

அவள் என்னைக் கண்ணு என்று அதற்கு முன் சொன்னதில்லை. "இறப்பு இருக்குதுன்னு" என்றேன்.

"இறப்புன்னாளா, எறப்புன்னாளா?"

"எறப்புல இருக்குதுன்னு சொன்னாங்க. நான்தான் சரியாச் சொன்னேன்."

"வேற?"

"எடுத்துப் போட்டுருன்னு சொன்னாங்க."

முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். நானும் முழுதாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். எழுந்து மோரிப் பக்கம் போனாள். படுத்த இடத்திலிருந்து எனக்கு அவள் முதுகு தெரிந்தது. டிரம்முக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தாள், வெகுநேரம். மேலே பலகையும் தகரமும்தான் இருந்தன. திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

"நல்ல பலகை. கெட்டியா அடிச்சிருக்கறாங்க" என்றாள். என் தலையைத் தடவினாள். "நல்ல பொண்ணு. இனிமே என்ன கேட்டாலும் யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா உங்கம்மாவுக்கு ஆகாது."

குழாய் வாயை அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று அப்பாவிடம் சொன்னதும் அவள்தான். மேலே, பன்னாலிலிருந்து குழாய் இறங்கும் ஓட்டையில், அப்பா கோணித் துணியைத் திணித்து மேலே தார் ஊற்றினார். கீழ் வாயிலும் அப்படியே. அந்த மழைக்காலம் முழுக்கப் பன்னாலு நிரம்பி வழிந்து, தண்ணீர் பழையபடி சுவரில்தான் இறங்கியது. அம்மாவின் பெட்டி மூலையில் மறுபடி ஓதம் ஏறியது.

அடைத்த பிறகும் நான் கேட்டேன். குரல் இல்லை. மழை இல்லாத ஒரு மத்தியானம், தகரத்தில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று தட்டு. மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாள் இரண்டே தட்டு. அப்புறம் இல்லை. அம்மாவுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தாளே, நான் வாயைத் திறக்கவில்லை. பாத்திரத்தைச் சத்தம் போட்டுக் கழுவினேன், அது கேட்காமல் இருக்க.

ஆவணி பிறக்கும் முன் ஒரு நாள் பெரியம்மா தலைவிரித்து அழுதாள். ஊரிலிருந்து தந்தி வந்ததாம், அக்கா காய்ச்சலில் போய்விட்டாளாம், காரியம் எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டதாம். அந்தத் தந்தியை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. சந்து முழுக்க ஒரே பேச்சு, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு முன்னாடியே தெரியும் என்று. பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து எடுத்தார்கள். ஒருத்தி தன் புருஷன் வேலை நிலைக்குமா என்று கேட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது நாக்குக் கூசுகிறது, ஆனாலும் இருந்தது. தசராவுக்குள் அந்த வீட்டுக்காரர்கள் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்தவள் என்னிடம் வந்து சொல்லிக்கொண்டு போனாள் என்று.

இந்த ஜூனில் வந்த கான்டிராக்டர் நடுத்தர வயதுக்காரர், சாகணில் கம்பெனிகளுக்கு ஷெட் போடுகிறவர். சின்ன வேலை என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். போனில் என் தமிழைக் கேட்டதும் மனசு இளகி வந்தார். பக்கத்து வீடு இடிந்து மூன்று மாடி எழும்பிவிட்டது. எங்கள் பக்கத்துத் தகரமும் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அப்பாவின் பலகை மட்டும், கொக்கிகளோடு, அசையவில்லை. செல்போனில் வெள்ளை பீவிசி, பழுப்பு பீவிசி, அலுமினியம் என்று தள்ளித் தள்ளிக் காட்டினார். "பீவிசி வெயில்ல மொறுமொறுன்னு ஆயிருமுங்க. அலுமினியம்தான் நிக்கும்" என்றார். பிறகு டேப்பை உருவிக்கொண்டு மேலே பார்த்தார்.

"எறப்பு எத்தனை அடி வருதுன்னு புடிச்சுப் பாத்துக்கறேனுங்க."

"என்ன சொன்னீங்க?"

"எறப்புங்க. இந்த ஓட்டு ஓரம், கீழ்ப்பக்கம். எங்க சேலத்துப் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். நீங்க என்ன சொல்லுவீங்க?"

நாங்கள் தாவாரம் என்போம். வெயிலில், டிரம் இருந்த இடத்தில், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எறப்புல இருக்குது. எடுத்துப் போட்டுரு. குருவிக் கூடு. கெட்டியா அடிச்சிருக்கறாங்க. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன, யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. பெரியம்மாவும் சேலத்துக்காரிதானே. அவளுக்கு அந்தச் சொல் தெரியும்.

"அந்தப் பலகையக் கழட்டுங்க" என்றேன். "மூலையிலேருந்து."

ஆணி வரமாட்டேன் என்றது. கடப்பாறை போட்டுத்தான் நெம்பினார். உள்ளே கை விட்டு, வட்டமான முகப்பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக் கீழே கொடுத்தார். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. உள்ளே சுருட்டி வைத்த நீல இன்லண்ட் கடிதம், சேலத்துப் பக்கத்து ஊர் ஒன்றின் விலாசம். ஒட்டிய இடம் தானாகவே விட்டிருந்தது. படித்தேன்.

"அன்புள்ள அண்ணனுக்கு. நான் இங்கு நல்லபடியாக இல்லை. இரண்டு தடவை மாளாவில் போட்டுப் பூட்டினார்கள். கடிதம் கண்டதும் நீயே நேரில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன் என்று இவர்கள் சொன்னால் நம்பாதே. என்னை வெளியே போக விடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பா இதைத் தபாலில் போடும். நல்ல பொண்ணு."

அவள் செத்துப்போய் என்னிடம் பேசவில்லை. உயிரோடு, எனக்குப் பத்தடி உயரத்தில், என்னை நம்பிப் பேசினாள். நான் அவளைப் பேயாக்கிவிட்டேன். போலீசுக்குப் போகலாமே என்றார் கான்டிராக்டர். யார் மேல் கொடுப்பது, பெரியம்மா எந்த மண்ணில் இருக்கிறாளோ. கடிதத்தைப் புது உறையில் போட்டு, அதே விலாசத்தை எழுதி, எங்கே கிடைத்தது என்று ஒரு தாளும் வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தபால் பெட்டி வரை நானே நடந்துபோய்ப் போட்டேன். அந்த அண்ணன் இருக்கிறாரோ இல்லையோ. போடச் சொன்னாள், போட்டேன்.

அலுமினியப் பன்னாலு மாட்டியாயிற்று. குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்பட்டுமா என்று கேட்டார், பழைய இடத்திலேயே இறக்கச் சொன்னேன். முதல் மழை ஒரு மத்தியானம் வந்து, சட்டென்று விட்டது. மோரி அருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன், குத்துக்காலிட இப்போது முடியாது. குழாய்க்குள் சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து அதன் வாயில் வாயை வைத்து, "அக்கா, எறப்புலதான் இருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன்" என்றேன். இந்தத் தடவை நான் எதையும் திருத்தவில்லை.